மல்லேஸ்வரம் குடும்பக் குழு: பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துலக்குவது பற்றி

கார்த்திக் (டெக்சாஸ்): அனைவருக்கும் வணக்கம். பெரியப்பாவிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். இங்கே சுடுதளத்தில் இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்திய .308 அளவு ரைஃபிள் தோட்டாக்களின் காலிக் கூடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றை மறுபடி நிரப்பிச் சுடுவதற்கு இங்கே சட்டத்தில் தடையில்லை. எல்லாம் கறுத்துப் போயிருக்கின்றன. விளக்குக்குப் போடும் பாலிஷ் திரவத்தையே தேய்த்துத் துடைத்துவிடலாமா?

சுபா அத்தை (ஜெயநகர்): கடைத் திரவம் எதற்குக் கார்த்தி? வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியும் உப்பும் வைத்துத்தானே துலக்குகிறோம்? பித்தளை எங்கே இருந்தாலும் பித்தளைதான்.

பெரியப்பா (மல்லேஸ்வரம்): கார்த்தி, அந்தத் திரவத்தை மூடி வைத்துவிடு. பித்தளைப் பாலிஷ் திரவங்கள் பலவற்றில் அம்மோனியா இருக்கிறது. விளக்குக்கு அதனால் பெரிய கெடுதல் இல்லை. தோட்டாக் கூட்டின் நிலைமை வேறு. அது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையைக் குளிர் நிலையிலேயே இழுத்து நீட்டிச் செய்தது. சுடும்போது விரிந்தும், அளவுக்குக் கொண்டுவர அச்சில் அழுத்தும்போது சுருங்கியும் அதன் கழுத்துப் பகுதி நாளடைவில் இறுகிப் போகும். உலோகத்துக்குள் இழுவிசை தங்கிவிடும். அப்படி இறுக்கத்தில் இருக்கும் பித்தளையை அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்து தொட்டால், வெளியே ஒரு மாற்றமும் தெரியாமலேயே உலோக மணிகளுக்கு, அதாவது நுண்படிகங்களுக்கு, இடையில் விரிசல் ஓடும்.

இது நம் நாட்டு மழைக்காலத்தில் தெரியவந்த சங்கதி. பிரிட்டிஷ் ராணுவம் இங்கே குதிரை லாயங்களில் தோட்டாக்களை வைத்திருந்தபோது, மழை மாதங்களில் அவை தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாதான் காரணம் என்பதை 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினார்கள். உலோகவியல் படிக்கிற எவருக்கும் இது பால பாடம்.

சுபா அத்தை: அப்படியானால் புளி போடலாமா, கூடாதா அண்ணா?

பெரியப்பா: புளியின் புளிப்பு தப்பில்லை சுபா, உப்புதான் வேண்டாம், அது பித்தளையை அரிக்கும். கார்த்திக்கு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், இன்னும் வசதி. நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகப் போட்டு, இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் போதும். அளவு கூடினாலோ, ஊறவைத்து மறந்துவிட்டாலோ, துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பின் இளஞ்சிவப்பு மேலே தெரியும். அப்படி நிறம் மாறினால் உடனே நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரில் பலமுறை அலசு.

கார்த்திக்: இங்கே நண்பர் ஒருவர் சுழலும் டிரம்மில் எஃகு ஊசிகளைப் போட்டு ஈரமாகச் சுற்றவிடுகிறார், இன்னொருவர் அரைத்த மக்காச்சோளத் தக்கையை அதிர்வுப் பாத்திரத்தில் போட்டு உலர்வாகவே செய்கிறார். எது மேல் பெரியப்பா?

மீனா (ஒயிட்ஃபீல்ட்): கார்த்தி அண்ணா, அதற்கு மருத்துவராக நான் பதில் சொல்கிறேன்: ஈர முறை. தோட்டாவின் அடியில் இருந்து பொறி எழுப்பும் சிறு மூடிதான் பிரைமர்; பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூட்டுக்குள் படிந்திருக்கும் கரியில் அந்த ஈயம் தங்கிவிடும். உலர்வாகச் சுற்றும்போது அது தூசியாகக் கிளம்பும். உங்கள் வீட்டில் தவழும் வயதில் குழந்தை இருக்கிறாள். தரையில் படிந்த தூசி அவள் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகும். சமையலறைத் தொட்டியிலோ சாப்பாட்டுப் பாத்திரத்திலோ இந்த வேலையைச் செய்யாதீர்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் உடையை மாற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் அவளைத் தூக்க வேண்டும். கழுவிய கறுப்புத் தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாதீர்கள். அபாயக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள்.

பெரியப்பா: மீனா சொன்னதற்கு மேல் பேச்சில்லை. ஈர முறையில் செய்வதானால் முதலில் பழைய பிரைமரைத் தள்ளி எடுத்துவிடு. அப்போதுதான் அது உட்கார்ந்திருந்த குழியும் சுத்தமாகும். அந்த எஃகு ஊசிகள் ஏறக்குறைய 1.2 மி.மீ. தடிமனும் 6 மி.மீ. நீளமும் இருக்கும், தீப்பொறி செல்லும் துளையோ சுமார் 2 மி.மீ. தான். ஓர் ஊசி தடையின்றி வெளியே வந்துவிடும். இரண்டு சேர்ந்து நுழைந்தால் ஆப்பு அடித்தாற்போல நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு கூட்டையும் தலைகீழாகத் தட்டி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளையைப் பார். பிறகு வெயிலில் நன்றாகக் காயவை. அடுப்பிலோ மின்சார ஓவனிலோ சூடேற்றக் கூடாது. அடிப்பகுதி இளகிவிட்டால் அடுத்த முறை சுடும்போது அழுத்தத்தைத் தாங்காது.

இவ்வளவு மெனக்கெடுவது பளபளப்புக்காக இல்லையப்பா. அழுக்குக் கூடு அச்சைக் கீறும். அதைவிட முக்கியம், கரி போனால்தான் குறை கண்ணுக்குத் தெரியும். கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார். அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் வெளிறிய பளபளப்பான வளையம் ஒன்று தெரிந்தால், அந்த இடத்தில் உட்சுவர் மெலிந்து வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிது வளைத்து உள்ளே விட்டுச் சுவரோரமாக மேலே இழு. பள்ளத்தில் நுனி தட்டினால் அந்தக் கூடு அடுத்த முறை இரண்டாகப் பிளக்கக்கூடும்.

கார்த்திக்: கேட்டபடியே இப்போது பார்த்தேன் பெரியப்பா. இரண்டு கூடுகளில் அந்த வளையம் தெரிகிறது. ஒன்றில் கிளிப் நுனி தெளிவாகத் தட்டுகிறது.

பெரியப்பா: இரண்டையும் குறடால் வாயை நசுக்கிவிட்டுப் பழைய பித்தளையோடு போடு; நல்லவற்றோடு தப்பித் தவறியும் கலந்துவிடக் கூடாது.

சுபா அத்தை: பொங்கலுக்கு வரும்போது துலக்கியதில் ஒன்றைக் கொண்டு வா கார்த்தி, எப்படி வந்திருக்கிறது என்று நானும் பார்க்கிறேன்.

பெரியப்பா: வேண்டவே வேண்டாம் சுபா. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் தோட்டாவின் பாகங்களும் ‘அம்யூனிஷன்’, அதாவது தோட்டா வகை, என்ற வரையறைக்குள் வருகின்றன. காலிக் கூடு ஒன்று பையில் கிடந்தாலும் விமான நிலையத்தில் விசாரணை, வழக்கு என்று அலைய நேரும். கார்த்தி, நீ சுடுதளத்துக்குத் தூக்கிப் போகும் பையில் ஊருக்குத் துணிமணி அடுக்காதே. வேறு பை எடுத்துக்கொள். அத்தைக்குப் படம் அனுப்பினால் போதும்.

கார்த்திக்: அப்படியே செய்கிறேன் பெரியப்பா. சனிக்கிழமை கொட்டகைக்கு வெளியே வைத்து ஈர முறையில் செய்துவிட்டு, காய்ந்ததும் படம் போடுகிறேன்.