நாகர்கோவில்காரங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். அசாம்ல திப்ருகரில் ஏறின விவேக் எக்ஸ்பிரஸ் 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி, ஒருவழியா எங்களைக் கோட்டாறு ஸ்டேஷன்ல இறக்கி விட்டுச்சு. லாட்ஜ் கட்டில்ல படுத்தாலும் இன்னும் ரயில் ஆடுற மாதிரியே இருக்கு.

இன்னைக்கு மணிமேடை பக்கம் நடந்தோம். அந்த நெரிசல்ல ரோட்டைத் தாண்டுறதுக்குள்ள எனக்கு வேர்த்துருச்சு. அம்மா மட்டும் ஒரு கடை வாசல்ல தொங்கின மட்டி வாழைக்குலையைப் பாத்து நின்னுட்டாங்க. விரல் நீளம்தான், தோலும் மெல்லிசு, ஆனா என்ன வாசம்! ஆறு பழம் அங்கேயே காலி.

பத்மநாபபுரம் அரண்மனை திங்கள் லீவாம், அதனால நாளைக்குப் போறோம். வடசேரியில தக்கலை பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடிச்சா சரியா? உள்ளே மரப்படி செங்குத்தாமே, அம்மாவுக்கு முட்டுவலி. படி ஏறாம எதுவரைக்கும் பாக்கலாம்? அப்படியே மாத்தூர் தொட்டிப்பாலமும் ஒரே நாள்ல முடியுமா? 115 அடி உயரத்துல நடக்க அவங்களுக்கு ஆசை. தலை சுத்துறது எனக்குத்தான்.

கண்ணு முன்னாடி தேங்காய் எண்ணெயில நேந்திரங்காய் சிப்ஸ் பொரிச்சுத் தர்ற கடை இருந்தா அதையும் சொல்லுங்க. புதன் ராத்திரி கிளம்பணும்.