பேக்கப் பாதியில் நிற்கிறது, "அக்சஸ் இஸ் டினைட்" என்கிறது. அவசரம்!

அச்சுக்கூடம்:
வணக்கம். பேக்கப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு "அக்சஸ் இஸ் டினைட்" என்று நின்றுவிடுகிறது. நான் அட்மின்தான். கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் அதில்தான் இருக்கிறது, முகூர்த்த சீசன் வேறு. யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

டீக்கடை பெஞ்ச்:
எந்த விண்டோஸ்? எந்த சாஃப்ட்வேர்? எங்கிருந்து எங்கே காப்பி ஆகிறது? எரர் நம்பர் என்ன? 5 என்றால் அனுமதி இல்லை, 32 என்றால் வேறு ஏதோ புரோகிராம் அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நெல்லை நெட்:
ஆன்டிவைரஸ்தான் ப்ரோ. டிஃபெண்டரில் "கன்ட்ரோல்டு ஃபோல்டர் அக்சஸ்" என்று இருக்கும், ஆஃப் பண்ணுங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

சர்வர் சாமி:
லாக்கை, அதாவது புரோகிராம் எழுதிவைக்கும் பிழைப் பதிவை, ஒட்டாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று இங்கே பல தடவை எழுதியாகிவிட்டது, படிக்கத்தான் ஆளில்லை. நெல்லை நெட், அந்த வசதி எழுதுவதைத்தான் தடுக்கும், படிப்பதை இல்லை. அடிப்படை தெரிந்துகொண்டு மருந்து சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்:
விண்டோஸ் 11, அதோடு வரும் ரோபோகாப்பி என்ற காப்பி கமாண்ட், எரர் 5. பழைய கம்ப்யூட்டர் மதர்போர்டு போய்விட்டது, அதன் ஹார்ட் டிஸ்கை இதில் மாட்டி வெளி டிஸ்குக்குக் காப்பி செய்கிறேன். ஒரே ஃபைலில் நின்று 30 செகண்ட், 30 செகண்ட் என்று காத்துக்கொண்டே இருக்கிறது.

டீக்கடை பெஞ்ச்:
பழைய டிஸ்க் என்பதுதான் முக்கியமான விஷயம் சார். நின்றதுபோல் தெரிவதற்குக் காரணம், ரோபோகாப்பி தானாக விட்டால் 10 லட்சம் தடவை, 30 செகண்டுக்கு ஒருமுறை முயலும். கமாண்டின் கடைசியில் ஸ்லாஷ் ஆர் கோலன் 1, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 1 சேர்த்தால் இன்னும் ஒரு தடவை மட்டும் முயன்றுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடும். இன்னொன்று, அட்மின் கணக்கில் நுழைந்தால் மட்டும் போதாது. கமாண்ட் ப்ராம்ப்டை ரைட் கிளிக் செய்து "ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" கொடுத்தீர்களா?

அச்சுக்கூடம்:
கொடுத்தேன். நிறைய வந்துவிட்டது, சில ஃபோல்டர் மட்டும் மறுக்கிறது. ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி டேபில் எஸ்-1-5-21 என்று ஒரு நீள நம்பர் மட்டும் இருக்கிறது, பெயரே இல்லை.

மதுரை மவுஸ்:
டேக்-ஓன் கமாண்ட் போட்டு மொத்த டிஸ்கையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள் அண்ணா, முடிந்தது கதை.

டீக்கடை பெஞ்ச்:
வேண்டாம், வேண்டவே வேண்டாம். அந்த நம்பர் பழைய விண்டோஸில் இருந்த ஒரு பயனர். அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவின் நம்பர் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றே, அதனால்தான் மற்றதெல்லாம் வந்தது. இந்த ஃபோல்டர்களில் மட்டும் யாரோ மற்ற எல்லாரையும் நீக்கிவிட்டுத் தன் பெயரை வைத்திருக்கிறார். படித்து எடுத்தால் போதும், மூலத்தில் கை வைக்கக் கூடாது. ஸ்லாஷ் பி சேர்த்து ஓட்டுங்கள், பேக்கப் முறையில் அனுமதிப் பட்டியலைப் பார்க்காமலே படிக்கும். எக்ஸ்ப்ளோரரில் "கன்டினியூ" கேட்டாலும் அழுத்தாதீர்கள், அதுவும் அனுமதியை நிரந்தரமாக மாற்றிவிடும்.

மதுரை மவுஸ்:
பழைய டிஸ்க்தானே, மாறினால் என்ன? நான் பத்து வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

சர்வர் சாமி:
பழைய டிஸ்கில் இருப்பதுதான் அவருடைய ஒரே பிரதி. பாதியில் கரண்ட் போனால் பாதிக்கு ஒரு உரிமையாளர், பாதிக்கு வேறு. பத்து வருஷம் செய்தால் சரியாகிவிடுமா?

மதுரை மவுஸ்:
உங்களுக்கு மட்டும்தான் கம்ப்யூட்டர் தெரியும்போல.

நெல்லை நெட்:
ஒரு வெளி டிஸ்கில் வைப்பதே பேக்கப் இல்லை என்பேன். கடைக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும்.

சர்வர் சாமி:
அது சரிதான், ஆனால் தனி இழை தொடங்குங்கள்.

அச்சுக்கூடம்:
ஸ்லாஷ் பி போட்டதும் வந்துவிட்டது, நன்றி. இரண்டு ஃபோல்டர் மட்டும் இன்னும் எரர் 5. ஐகான் மேல் சின்னப் பூட்டு படம் இருக்கிறது. டிசைன் போட்ட பையன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

டீக்கடை பெஞ்ச்:
அது அனுமதிப் பிரச்சினை இல்லை சார், விண்டோஸின் ஃபைல் என்கிரிப்ஷன், அதாவது ஃபைலின் உள்ளடக்கத்தையே சாவி போட்டுப் பூட்டும் வசதி. டேக்-ஓன் போட்டாலும் திறக்காது. சாவி அந்தப் பையனின் பழைய ப்ரொஃபைலுக்குள், ஆப்டேட்டா ஃபோல்டரில் இருக்கும், அதைத் திறக்க அவன் அப்போது வைத்திருந்த பாஸ்வேர்டு வேண்டும். அவனுக்கு ஃபோன் போட்டுக் கேளுங்கள். அதுவரை பழைய டிஸ்கை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள். பாஸ்வேர்டு கிடைத்ததா?