புதுப்பிப்பு: டிராப் செக்கர் பச்சை, செடிகள் மட்டும் சோர்வு

போன வாரம் போட்ட சிக்கல்: 60 லிட்டர் செடி வளர்க்கும் மீன் தொட்டி, விநாடிக்கு ஒரு குமிழ் கார்பன் டைஆக்சைடு, டிராப் செக்கர் (தண்ணீரில் அந்த கேஸ் போதுமா என்று நிறத்தால் காட்டும் சிறு குப்பி: பச்சை என்றால் போதும், நீலம் என்றால் குறைவு) பச்சை, ஆனாலும் கறுப்புப் பாசி. காரணம் தெரிந்துவிட்டது. செக்கருக்குள் இருந்தது தொட்டித் தண்ணீர். கோலாலம்பூரில் இந்த வீட்டுக் குழாய்த் தண்ணீரின் கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 1 தான், பிஎச் (அமிலத்தன்மை அளவு) 6.6-இல் அது பச்சை காட்டும்போது கார்பன் டைஆக்சைடு வெறும் 7–8 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). செக்கருக்குள் இருக்க வேண்டிய 4 கேஎச் கரைசலில் அதே பச்சைக்கு 30 பிபிஎம் வேண்டும். அந்தக் கரைசலுக்கு மாற்றிய பிறகு செக்கர் நீலம்! உண்மை அதுதான்.

கேஸைக் கூட்ட நீடில் வால்வை (குமிழ் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) ஒரே மூச்சில் திறக்காதீர்கள். செக்கர் நிறம் மாற இரண்டு மணி நேரம் பிடிக்கும்; அதற்குள் கேஸ் மிஞ்சி மீன் செத்துவிடலாம். நம்மூர் 29 டிகிரி தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவு. மீன் மேலே வந்து வாய் பிளந்தால் கேஸை மூடி, காற்றுக் குழாயைப் போடுங்கள்.