டிவியில் மீட்டிங் போட்டால் எதிர்முனைக்கு எக்கோ அடிக்கிறது, என்ன செய்யலாம்?

பாய்க்கடை, பாளை:
வணக்கம். பத்தமடைப் பாய் மொத்த வியாபாரம் எங்களுக்கு. சென்னை, துபாய் பார்ட்டிகளோடு ஜூமில் பேசுவது வழக்கம். லேப்டாப்பிலிருந்து எச்டிஎம்ஐ கேபிளில் 43 இஞ்ச் டிவிக்குக் கொடுத்துவிட்டு ஏழெட்டுப் பேர் மேஜையைச் சுற்றி உட்காருவோம். எங்களுக்குத் தெளிவாகத்தான் கேட்கிறது. துபாய்க்காரர்தான் "நான் பேசுவது எனக்கே திரும்பி வருதே" என்று சலித்துக்கொள்கிறார். இடையிடையே கீச்சென்று விசில் வேறு. பாயின் நெசவைக் கிட்டத்தில் காட்ட ஒரு தம்பி போனிலும் அதே மீட்டிங்கில் இருப்பான். மைக் மியூட்டில்தான் இருக்கும், அவன் பேசும்போது மட்டும் எடுப்பான். புது மைக் வாங்கினால் சரியாகுமா?

டவுன்காரன்:
நெட் பிளானை மாற்றிப் பாருங்கள் அண்ணாச்சி. ரவுட்டருக்கும் ரூமுக்கும் நடுவே சுவர் இருந்தாலே வைஃபை இழுக்கும்.

சவுண்ட் சர்வீஸ், ஜங்ஷன்:
நெட் மந்தமானால் படம் உறையும், குரல் வெட்டி வெட்டி வரும். எக்கோவுக்கு அது காரணமில்லை. பிளானை மாற்றிக் காசைக் கரியாக்க வேண்டாம்.

அண்ணாச்சி, எக்கோ யாருக்குக் கேட்கிறதோ அவர் பக்கம் கோளாறு அநேகமாக இருக்காது. அவர் குரல் உங்கள் ரூம் ஸ்பீக்கரில் வந்து, உங்கள் மைக்கில் புகுந்து, அவருக்கே திரும்பிப் போகிறது. அடுத்த முறை அவர் பேசும்போது நீங்கள் மியூட் போடுங்கள். எக்கோ நின்றால் சங்கதி உங்கள் ரூமில்தான்.

முதலில் அந்தப் போன். மைக்கை மட்டும் மியூட் செய்தால் போதாது. போன் ஸ்பீக்கரில் துபாய்க்காரர் குரல் ஒலிக்கிறதே, அதை லேப்டாப் மைக் பிடித்துவிடும். எக்கோ வராமலிருக்க, ஜூம் மைக்கில் விழுவதிலிருந்து தன் லேப்டாப்பிலிருந்து போன சத்தத்தைத்தான் கழிக்கும். பக்கத்துப் போனில் வருவது அதன் கணக்கிலேயே இல்லை. தம்பி மியூட்டை எடுத்தவுடன் இரண்டு மைக்கும் இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றையொன்று ஊட்டிவிடும், விசில் அதுதான். போனில் 'மோர்' போய் 'டிஸ்கனெக்ட் ஆடியோ' கொடுங்கள். படம் மட்டும் போகும். தம்பி லேப்டாப் மைக்கிலேயே பேசட்டும்.

அடுத்தது டிவி. கேபிளைச் செருகியதும் சத்தம் தானாக டிவிக்கு மாறியிருக்கும். டிவி சத்தத்தை ஒரு சுற்று பக்குவம் பண்ணிவிட்டுத்தான் வெளியே விடும். அந்தத் தாமதத்தில் எக்கோ கழிக்கும் வேலை தடுமாறும். ஆடியோ செட்டிங்கில் ஸ்பீக்கரை லேப்டாப்புக்கே மாற்றிப் பேசிப் பாருங்கள். அதுவரை எதுவும் வாங்காதீர்கள்.

டவுன்காரன்:
அப்போ டிவியில் கேம் மோடு போட்டால் தாமதம் குறையுமே?

சவுண்ட் சர்வீஸ், ஜங்ஷன்:
குறையும். செலவில்லாத வேலை, தாராளமாகப் பாருங்கள். எல்லா டிவியிலும் போதுமான அளவு குறையும் என்று சொல்ல மாட்டேன்.

பாய்க்கடை, பாளை:
போனில் ஆடியோவை எடுத்ததும் விசில் போச்சு. சத்தத்தை லேப்டாப்புக்கு மாற்றியதும் எக்கோவும் இல்லை. ஆனால் மேஜைக் கோடியில் இருப்பவர்களுக்குக் காதில் விழவில்லை. இன்னொன்று, ரூமில் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும். நம்ம பாயையே சுவரில் மாட்டினால் எதிரொலி குறையாதா?

சவுண்ட் சர்வீஸ், ஜங்ஷன்:
பார்வைக்கு ஜோராக இருக்கும், துபாய்க்காரருக்கு விளம்பரமும் ஆச்சு. ஆனால் மடித்துக் கைக்குள் அடக்குகிற மெல்லிசுப் பட்டுப்பாய் சத்தத்தை எங்கே குடிக்கப் போகிறது? கனமான திரைச்சீலை, தரையில் கார்ப்பெட், இவை உதவும்.

கோடியில் இருப்பவர்களுக்கு, மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே டப்பாவில் உள்ள யுஎஸ்பி ஸ்பீக்கர்போன் வாங்கி நடு மேஜையில் வையுங்கள். ஜூமில் மைக், ஸ்பீக்கர் இரண்டிலும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் மாற்றி மற்றதை டிவியிலேயே விட்டால் பழைய கதைதான். கடையில் உங்கள் லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பேசிப் பார்த்து வாங்குங்கள்.

பாய்க்கடை, பாளை:
சரி அண்ணாச்சி. லேப்டாப் டிவிக்குக் கீழே, மேஜை கொஞ்சம் தள்ளி. 10 மீட்டர் யுஎஸ்பி கேபிள் போடலாமா?

சவுண்ட் சர்வீஸ், ஜங்ஷன்:
சாதாரண யுஎஸ்பி கேபிள் 5 மீட்டர் வரைதான் நம்பலாம். லேப்டாப்பை மேஜைக்குக் கொண்டுவந்து எச்டிஎம்ஐ கேபிளை நீளமாக வாங்குங்கள்.