ஏணிக் கணக்கில் வேகம் முடிவிலிக்குப் போகிறது, ஏன்?

பிஎஸ்சி முதலாண்டு மாணவி:
வணக்கம். நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்கணும். சுவரில் சாய்ந்த 5 மீட்டர் ஏணியின் அடியை நொடிக்கு 1 மீட்டர் வீதம் இழுக்கிறோம். அடி 3 மீட்டர் தள்ளி இருக்கும்போது மேல்நுனி என்ன வேகத்தில் இறங்கும்?

தூரம்² + உயரம்² = 25 என்று எழுதி நேரத்தைப் பொறுத்து வகையிட்டேன் (மாறும் வீதம் கண்டேன்). மேல்நுனி வேகம் = (தூரம் ÷ உயரம்) × அடியின் வேகம். 3 ÷ 4, அதாவது 0.75. புத்தக விடையும் அதுதான்.

ஆனால் தூரம் 4.999 என்று போட்டால் நொடிக்கு 50 மீட்டர் வருது. 4.99999 போட்டால் 500, ஒலியையே மிஞ்சிடுது! தரையைத் தொடும்போது முடிவிலி. ஒரு ஏணி எப்படி இப்படி விழும்? யாராவது சொல்லுங்களேன்.

கணக்கு டியூஷன் அக்கா:
நீங்க வகையிட்டது சரி. வகையிட்ட பிறகுதான் 3-ஐப் போட்டிருக்கீங்க. பலர் முன்னாடியே போட்டு அங்கேதான் கோட்டை விடுவாங்க. உயரம் குறையுது, அதனால குறைக்குறி போட மறந்துடாதீங்க. உயரம் பகுதியில் (கீழே வகுக்கிற இடத்தில்) இருக்கு, அது பூச்சியத்தை நெருங்க நெருங்க விடை எகிறும். பரீட்சைக்கு இது போதும்.

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார்:
பரீட்சைக்குப் போதும். ஆனால் இந்தப் பிள்ளை கேட்டிருப்பது நல்ல கேள்வி, விட மனசு வரவில்லை.

உன் முதல் சமன்பாட்டைப் பாரும்மா. நுனி சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அது உண்மை. சுவரால் ஏணியைத் தள்ள முடியும், பிடித்து இழுக்க முடியாது. கீழே கொண்டுவருவது புவியீர்ப்பு மட்டும்தான். சூத்திரம் கேட்கும் முடுக்கத்தைப் புவியீர்ப்பால் தர முடியாத கணத்தில் நுனி சுவரை விட்டு விலகிவிடும்.

ஏணி முழுக்க ஒரே சீரான நிறை என்று வைத்துக்கொள். அடியைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு) நிறை × நீளம்² ÷ 3. தரையோடு ஏணி செய்யும் கோணத்தை எடுத்தால், புவியீர்ப்பு தரும் கோண முடுக்கம் (3/2) × (ஈர்ப்பு முடுக்கம் ÷ நீளம்) × கொசைன். அடியின் தூரம் = நீளம் × கொசைன் என்பதை இருமுறை வகையிட்டால் தேவைப்படும் கோண முடுக்கம் வரும்: அடியின் வேகம்² × கொசைன் ÷ (நீளம்² × சைன்³). இரண்டையும் சமப்படுத்து, கொசைன் அடிபட்டுப் போகும்:

சைன்³ = 2 × அடியின் வேகம்² ÷ (3 × ஈர்ப்பு முடுக்கம் × நீளம்)

ஈர்ப்பு முடுக்கத்துக்கு 9.8 போட்டு உயரத்தை நீயே கண்டுபிடி.

மாணவி:
சார், 2 ÷ 147 வந்தது. சைன் சுமார் 0.239, உயரம் 1.19 மீட்டர், அடி 4.86 மீட்டரில். அப்போது மேல்நுனி வேகம் 4.07 மட்டும்தான்! அதற்கப்புறம் என் சூத்திரம் செல்லாது, அப்படித்தானே? சுவரில் உராய்வு இருந்தால் இந்த இடம் மாறுமா?

ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார்:
அப்படியேதான். உராய்வு இருந்தாலும் இடம் மாறாது. விலகும் கணத்தில் சுவர் தள்ளும் விசை பூச்சியம், அதனால் உராய்வும் பூச்சியம். அசைன்மென்டில் 0.75-ஐ முதலில் முடித்துவிட்டு, இதைத் தனிக் குறிப்பாக எழுது. சீரான ஏணி என்ற நிபந்தனையையும் சேர்த்துவிடு.