"விருப்பச் சார்பு" வேண்டாம்: ஒரு மாற்று முன்மொழிவு

வணக்கம்.

ஆங்கிலத்தில் "ஆப்ஷனல் டிபென்டன்சி" என்பதற்குத் தமிழில் முன்வைக்கப்படும் "விருப்பச் சார்பு" என்ற சொல்லுக்கு என் ஓட்டு இல்லை. மூலநிரலிலிருந்து நிரலைக் கட்டும்போது (பில்ட்), அது பயன்படுத்தக்கூடிய ஒரு நிரலகம் (லைப்ரரி) கணினியில் இல்லை. அது இல்லாமலும் கட்டலாம். இதில் யாருடைய விருப்பம் வருகிறது? அப்படியொரு நிரலகம் இருப்பதே பயனருக்குத் தெரியாது.

"இன்றியமையாத" என்று நாம் எழுதிப் பழகியதில் எதிர்மறையைக் கழற்றினால் "இன்றியமையும் சார்பு" கிடைக்கிறது. அது இன்றியும் அமையும், அவ்வளவுதான். இல்லாமல் கட்டவே முடியாததைக் "கட்டாயச் சார்பு" என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் மாற்றிப் படிக்கும் ஆபத்தும் இல்லை.

எனக்குப் பெரிய கவலை, அந்த நிரலகம் இல்லாதபோது நிரல் என்ன செய்கிறது என்பதில்தான். பைத்தான் மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ நிரலகத்தைப் பாருங்கள். 4.2 பதிப்பு முதல், ராக்ம் என்ற எழுத்துக்கோப்பு நிரலகம் இருந்தால் அதைக்கொண்டு எழுத்துகளை உரிய வரிசையிலும் வடிவிலும் கோக்கும். இல்லாவிட்டால் அடிப்படை முறைக்கு இறங்கிவிடும். பிழைச்செய்தி வராது. ஆங்கிலம் எழுதுகிறவருக்கு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தமிழிலோ "கெ" என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இங்கே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு பள்ளிக்கு அடித்த நற்சான்றிதழ்களில் தேவிகளும் செல்வங்களும் கொம்பு இடம்மாறித்தான் மேடையேறினார்கள். நிரலைக் கட்டியவரைக் குறை சொல்ல முடியாது. அவர் திரையில் எல்லாம் வெற்றி என்றே வந்திருக்கும்.

தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) ஓர் ஆள் வராவிட்டால் வேலை நிற்பதில்லை. ஆனால் கணக்கெழுதும் கிராணி ஏட்டில் குறிக்காமல் விடமாட்டார். கட்டுநிரலும் முடிவில் ஒரு வரி எழுதவேண்டும்: "ராக்ம் இல்லை, தமிழ் எழுத்துக்கோப்பு சேர்க்கப்படவில்லை." இதற்கு "அறிவித்த தவிர்ப்பு", வாய்திறக்காமல் விடுவதற்கு "அறிவியாத் தவிர்ப்பு" என்கிறேன். ("விடல்" என்று வைத்தால் "அறிவித்துவிடல்" ஆகிப் பொருள் கெடும், அதனால்தான் தவிர்ப்பு.)

நிரல்களைக் கட்ட உதவும் மேசான் என்ற கருவியில் இத்தகைய சார்புகளுக்கு உள்ள எனேபிள்ட், டிசேபிள்ட், ஆட்டோ என்ற மூன்று நிலைகளுக்கும் இதோடு பெயர் வைத்து முடித்துவிடலாம். முதல் நிலையில் நிரலகம் கிடைக்காவிட்டால் கட்டல் அங்கேயே நிற்கும். இரண்டாவதில் தேடவே தேடாது. மூன்றாவதில் கிடைத்தால் சேர்க்கும், கிடைக்காவிட்டால் மேலே போகும். "வேண்டும்", "வேண்டாம்", "இருந்தால்" என்பவை போதும். ஆட்டோவைத் "தன்னியக்கம்" என்று பெயர்த்தால் எது தானாக இயங்குகிறது என்று அடுத்த கேள்வி வரும்.