வீல் நட் இறுக்கம்: மலையில் ஓட்டுறவங்க அனுபவத்தைப் பகிருங்க

கோத்தகிரி, டீ ஃபேக்டரி ஃபிட்டர்

போன மழைக்காலத்துல மேட்டுப்பாளையம் ரோட்டில், குஞ்சப்பனைக்கு மேலே ஒரு கார் ஓரங்கட்டி நின்னுது. முன் இடது சக்கரத்துல 'கடக் கடக்'னு சத்தம் வருதுன்னு ஓட்டி வந்த தம்பி சொன்னார். மெதுவா போனா தெளிவா கேக்குது, வேகம் எடுத்தா ஸ்டியரிங் ஆடுதாம். வீல் கேப்பைக் கழட்டிப் பார்த்தோம். நாலு நட்டில் ரெண்டு விரலாலேயே சுத்துது. ஸ்டட் (நட் ஏறுற, மரை போட்ட கம்பி) போற ஓட்டையின் விளிம்புல பெயின்ட் உரிஞ்சு, பிறை வடிவத்துல இரும்பு பளபளன்னு தெரியுது. ரெண்டு நாள் முன்னாடிதான் ஒரு கடையில ரிம்முக்குப் புது பெயின்ட் அடிச்சு மாட்டியிருக்காங்க. நட் உட்காருற குழியிலும் தடிமனா அடிச்சிருந்தாங்க. ஓட ஓட அந்தப் பெயின்ட் நசுங்கிப் போச்சு, அது போன அளவுக்கு நட்டும் லூஸ் ஆயிடுச்சு.

அன்னைக்கு அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதறேன். சக்கரத்தைத் தாங்குறது ஸ்டட்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. நட்டை இறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீளும். பழைய நீளத்துக்கு வர அது இழுக்கிற இழுப்புலதான் ரிம் ஹப்போட (சக்கரம் மாட்டுற நடு பாகம்) அழுந்தி நிக்குது. பாரத்தையும் பிரேக்கையும் சமாளிக்கிறது அந்த அழுத்தத்துல வர்ற உராய்வு. அழுத்தம் குறைஞ்சா ரிம் நகர ஆரம்பிக்கும், ஸ்டட் வெட்டுப்பட்டு ஒடியும். அளவுக்கு மீறி இறுக்கினா ஸ்டட் திரும்பவே முடியாத அளவுக்கு நீண்டு, பிடிப்பு போயிடும். லூஸுக்குப் பயப்படுற நாம ஓவர் டைட்டுக்குப் பயப்படறதே இல்லை. ரெண்டும் ஒரே இடத்துலதான் கொண்டுபோய் விடும்.

எங்க வீட்டு முற்றத்துல நான் செய்யுற முறை இது. மலையில சமதளம் கிடைக்கறதே கஷ்டம், அதனால முதல்ல எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, கியர்ல நிறுத்திடுவேன். சாய்வு அதிகமா இருந்தா ஜாக்கியே போட மாட்டேன், வண்டியை வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவேன். சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டை ஒரு கால் சுத்து தளர்த்திட்டு அப்புறம்தான் தூக்கறது.

கழட்டினதும் ஹப் முகத்தையும் ரிம்மின் உள்பக்கத்தையும் கம்பி பிரஷ்ஷால தேய்க்கணும். நம்ம ஊர் ஈரத்துக்கும் பனிக்கும் அங்கே துரு அடை அடையாப் படியும். அந்த அடை நடுவுல மாட்டிக்கிட்டா, பெயின்ட் செஞ்ச அதே வேலையைத்தான் செய்யும். ஸ்டட்டுக்கு எண்ணெயோ கிரீஸோ வேண்டாம். துருப்பிடிக்காம இருக்கட்டும்னு நிறைய பேர் பூசறாங்க. கம்பெனி சொல்ற இறுக்க அளவு பொதுவா காய்ஞ்ச மரைக்குச் சொன்னது. வழவழப்பு இருந்தா அதே அளவுல ஸ்டட் ரொம்ப அதிகமா இழுபடும்.

நட்டின் கூம்பு முனை ரிம் பக்கம் பார்க்கணும். கையால மூணு நாலு சுத்து தடையில்லாம ஏறணும். ஏறலைன்னா மரை மாறி உட்காருதுன்னு அர்த்தம். ஸ்பேனர் போட்டு அழுத்தாம, கழட்டி மறுபடி வைங்க. நாலு நட் வண்டியில ஒண்ணுக்கு நேர் எதிரே இருக்கறது அடுத்தது. அஞ்சு நட்டுன்னா ஒண்ணு விட்டு ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துல இறுக்கிட்டே போனா ரிம் ஒருபக்கமா சாய்ஞ்சு உட்காரும். மேலே தூக்கின நிலையில ஓரளவு இறுக்கம், டயர் தரையைத் தொட்டதும் அதே வரிசையில முழு இறுக்கம்.

அளவு உங்க வண்டி கையேட்டில் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 130 நியூட்டன் மீட்டருக்குள்ள (திருப்புற விசையை அளக்கற அலகு) வரும். ஒவ்வொரு மாடலுக்கும் வேற, அதனால பக்கத்து வீட்டு வண்டி அளவை வைக்காதீங்க. 100 நியூட்டன் மீட்டர்னா, 25 சென்டிமீட்டர் ஸ்பேனர் நுனியில சுமார் 40 கிலோ அழுத்தம். 65 கிலோ ஆள் அதே ஸ்பேனர் நுனியில ஏறி நின்னா கிட்டத்தட்ட 160 ஆயிடும். குதிச்சா இன்னும் எங்கேயோ போயிடும். காலால மிதிச்சு இறுக்கற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடுங்க.

அப்புறம் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி ஒரு தடவை பார்க்கணும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் ஒருமுறை இறங்கி ஏறினா அந்தக் கணக்கு சரியா வரும். ஆனா வந்து நிறுத்தின சூட்டோட பார்க்க வேண்டாம். ஆறட்டும்.

குன்னூர், பள்ளி ஆசிரியை

அண்ணா, நீங்க ஓவர் டைட் பத்தி எழுதினதைப் படிச்சதும் எனக்கு நடந்ததைச் சொல்லணும்னு தோணுச்சு. பர்லியார் தாண்டி மேலே வரும்போது பஞ்சர். ரெண்டு பக்கமும் வண்டி, நல்ல மழை. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் இருக்கு. நட் மட்டும் அசையவே இல்லை. அதுக்கு முந்தின வாரம் டயர் மாத்தின கடையில ஏர் கன்னை வச்சு 'டர்ர்ர்'னு அடிச்சு அனுப்பிட்டாங்க. பின்னால வந்த ஒரு லாரி டிரைவர் இரும்புக் குழாயை ஸ்பேனர்ல மாட்டித்தான் கழட்டினார். ஒரு நட்டின் மரை அப்பவே சீவிக்கிட்டு வந்துடுச்சு. மூணு நட்டோட அவர் மாட்டிக் கொடுத்து, "டீச்சரம்மா, இப்படியே ரொம்ப தூரம் போகாதீங்க, முதல் வொர்க்‌ஷாப்புல நிறுத்துங்க"ன்னு சொன்னார். மெதுவா ஏறி அப்படியே செஞ்சேன்.

இப்போ எந்தக் கடைக்குப் போனாலும் முன்னாடியே சொல்லிடறேன்: கன்னால ஏத்துங்க, கடைசி இறுக்கம் கையால. சில பேர் முகம் சுளிப்பாங்க, பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் நட்டைத் தளர்த்தி நானே சரியான அளவுல இறுக்கிடுவேன். நீளக் குழாய் ஒண்ணு டிக்கியிலேயே கிடக்கு, கழட்டறதுக்கு மட்டும். இறுக்க அதை எடுக்கறதே இல்லை.

கூடலூர், டாக்ஸி ஓட்டுநர்

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு சரிங்க. நான் ஊட்டிக்கும் கூடலூருக்கும் தினமும் ஓடறவன். இறக்கத்துல ரெண்டாவது கியர் போட்டு வந்தாலும் பிரேக் தொடாம இருக்க முடியாது. என் வண்டியில பிரேக் மிதிச்சா பெடல் துடிக்கும், ஸ்டியரிங் நடுங்கும். பிரேக் பேட் மாத்தினேன், போகல. அலைன்மென்ட் பார்த்தேன், போகல. கடைசியில ஒரு வயசான மெக்கானிக் பிரேக் டிஸ்க்குல டயல் கேஜ் (நுணுக்கமான ஆட்டத்தை அளக்கற கருவி) வச்சு ஆட்டம் பார்த்தார். நட்டு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு இறுக்கத்துல இருக்கு, டிஸ்க் கோணி உட்கார்ந்து தேய்ஞ்சிருக்குன்னார். டிஸ்க்கைக் கடைஞ்சு, நாலு நட்டையும் ஒரே அளவுக்கு வச்சுக் கொடுத்தார். அன்னையிலிருந்து நடுக்கம் இல்லைங்க. பிரேக் நடுங்கறதுக்கு வேற காரணமும் இருக்கும்தான். செலவு பண்றதுக்கு முன்னாடி நட்டையும் பாருங்கன்னு சொல்றேன்.

டார்க் ரெஞ்ச் (இறுக்க அளவை வச்சு இறுக்கற ஸ்பேனர்) வாங்கினா அரை இஞ்ச் சதுர முனை உள்ளதா, 200 நியூட்டன் மீட்டர் வரைக்கும் போறதா வாங்குங்க. சாக்கெட் உங்க நட்டுக்கு 19 மில்லிமீட்டரா 21 மில்லிமீட்டரான்னு பார்த்துக்கோங்க. அளவு வச்சு நிதானமா இழுக்கணும். 'டக்'னு ஒரு சத்தம் வந்ததும் நிறுத்திடணும். இன்னும் கொஞ்சம்னு ரெண்டாவது தடவை இழுத்தா அளவு கூடிப்போகும். நட் கழட்ட அதைப் பயன்படுத்தாதீங்க. வேலை முடிஞ்சதும் கடைசி அளவுக்குக் குறைச்சு வச்சுடுங்க, உள்ளே இருக்கற ஸ்பிரிங் தளராம இருக்கும்.

மசினகுடி

ஒரு கேள்வி அண்ணே. என் வண்டியில அலாய் வீல், ஸ்டெப்னி மட்டும் இரும்பு ரிம். அதே நட்டைப் போடலாமா? கல்லட்டிப் பாதையில 36 கொண்டை ஊசி வளைவு, நடுவுல எங்கேயும் சந்தேகத்தோட நிக்க முடியாது.

கோத்தகிரி, டீ ஃபேக்டரி ஃபிட்டர்

தம்பி, கம்பெனியே கொடுத்த அலாய்னா ரெண்டுக்கும் ஒரே நட்டா இருக்கலாம், கையேட்டைப் பாருங்க. வெளிக்கடையில போட்ட அலாய்னா நட்டின் நீளமும் உட்காருற முனையும் மாறும். சிலதுக்குக் கூம்பு, சிலதுக்கு உருண்டை, சிலதுக்குத் தட்டையான வாஷர் வச்சது. முனை ரிம் குழிக்குப் பொருந்தலைன்னா எவ்வளவு இறுக்கினாலும் நிக்காது. அப்படி இருந்தா இரும்பு ரிம்முக்கான நட் செட்டைத் தனியா ஒரு பையில போட்டு ஸ்டெப்னி பக்கத்துலேயே வச்சிருங்க. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே ஸ்டெப்னியை ஒரு தடவை மாட்டிப் பார்த்துடுங்க. நட் எத்தனை சுத்து ஏறுதுன்னு எண்ணுங்க. ஸ்டட்டின் விட்டம் 12 மில்லிமீட்டர்னா, குறைஞ்சது அந்த அளவு நீளத்துக்காவது மரை கடிச்சிருக்கணும்.